நாலு விரல் தள்ளி ஒரு விரிசல்

நேற்று ஒட்டிய இடம் கல்லு மாதிரி இருந்தது. அதிலிருந்து நாலு விரல் தள்ளிப் புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

கடைக்காரர் பம்பர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்தார். கவிழ்த்துப் போட்ட படகின் அடிவயிற்றில், தலைமுடி கனத்தில், அது பாட்டுக்கு வளைந்து வளைந்து போயிருந்தது. விரலால் தடவினார். நகம் உள்ளே இறங்கியது.

“என்ன தம்பி, இன்னொண்ணா?” என்றார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த படகுக்காரர் கார்டு சார்.

“ஆமா சார்.”

“எதனால வந்திருக்கும்?”

கத்துகிறவராக இருந்தால் சமாதானம் சொல்லலாம். திட்டுகிறவராக இருந்தால் பதிலுக்கு ரெண்டு வார்த்தை திட்டலாம். இந்த மனிதர் இரண்டும் செய்யாமல், நோயாளியின் சொந்தக்காரர் டாக்டரிடம் கேட்பதுபோல் மெதுவாக ‘எதனால’ என்று கேட்கிறார்.

“பிளாஸ்டிக் பழசு சார். வெயில்ல கிடந்திருக்கும் போல.”

“ஓஹோ.”

“கவலைப்படாதீங்க. இன்னிக்கு முடிச்சிடுறேன்.”

“அவசரமே இல்ல தம்பி,” என்றார் கார்டு சார்.

வெளியே மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. கடைக் கூரையின் தார்ப்பாய் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. கருகிய பிளாஸ்டிக் வாடை போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பம்பருக்கும் ஒரு பெயர் உண்டு. அது கடைசியாக அவருடைய கல்யாணப் பத்திரிகையில் அச்சானது. அதற்கப்புறம் ஊருக்கு அவர் பம்பர்தான். லாரி இடித்துச் சுக்குநூறாக வந்த கார் பம்பரைக்கூட, சொந்தக்காரரே எங்கே உடைந்தது என்று தேடும்படி ஒட்டிக் கொடுத்துவிடுவார். அந்தப் பெருமையில் கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைத்திருந்தார்: ‘உடைந்த பிளாஸ்டிக் எதுவானாலும் ஒட்டித் தரப்படும்.’ அதில் ‘எதுவானாலும்’ என்பது மச்சினனின் யோசனை. சும்மா கிடந்த போர்டில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்த பாவத்துக்குத்தான் படகு வந்து சேர்ந்தது.

மழை பிடித்துக்கொண்ட புதிதில் ஒரு சின்ன லாரி கடை முன்னால் வந்து நின்றது. பின்னால் ஒரு சின்ன மீன்பிடிப் படகு. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் நட்பு போய்விடும். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது பலமுறை துவைத்த போர்வையின் நிறம். டிரைவர் பக்கத்திலிருந்து உயரமாக, ஒல்லியாக ஒரு பெரியவர் குடையோடு இறங்கினார். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு பூராவும் ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாக நின்று கொடி காட்டியவர்.

“போர்டு பார்த்தேன் தம்பி. எதுவானாலும்னு போட்டிருக்கு. இதுவுமா?”

பம்பர் படகைப் பார்த்தார். அடியில் ஒரே ஒரு விரிசல். முழ நீளம் இருக்கும். சிரிப்பு வந்தது.

“இதெல்லாம் ஒரு வேலையா சார்? நாளைக்கே எடுத்துட்டுப் போங்க.”

பெரியவர் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. “நல்லா பார்த்துச் சொல்லுங்க தம்பி. அவ்வளவு சுலபமா?”

“நம்ம கையில சுலபம் சார். மீன் பிடிக்கப் போவீங்களா?”

“போகணும்னு ஆசை.”

“என்ன மீன் பிடிப்பீங்க?”

கார்டு சார் கொஞ்சம் யோசித்தார். “சின்ன மீனாத்தான் இருக்கும்,” என்றார். பிறகு, “நான் இப்படி ஓரமா உட்கார்ந்து வேலையைப் பார்க்கலாமா? தொந்தரவு பண்ண மாட்டேன்,” என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு பம்பர் தன்னிடமிருந்த பிளாஸ்டிக் கம்பியைச் சூடாக்கி உருக்கி, விரிசலில் விட்டு நிரவினார். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மறுநாள் காலையில் கம்பி அப்படியே உரிந்து தரையில் புழு மாதிரி சுருண்டு கிடந்தது. கார் பம்பர் பிளாஸ்டிக் வேறு, படகு பிளாஸ்டிக் வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டும் சூட்டில் உருகும். பக்கத்தில் பக்கத்தில் படுக்கும். ஆறியதும், சில வீடுகளில் நடக்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் கிடக்கும்.

அடுத்தது பசை. இரும்புக்கடைக்காரர் உலகத்தையே ஒட்டலாம் என்று சத்தியம் செய்து கொடுத்தார். அது பம்பரின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டியது. ஸ்டூலின் காலைத் தரையோடு ஒட்டியது. படகில் மட்டும் ஒட்டவில்லை.

மூன்றாவதாக அவருக்கு மூளை வேலை செய்தது. படகின் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துக் கொளுத்திப் பார்த்தார். மெழுகுவத்தி வாடை வந்தது. வீட்டுக் குளியலறையில் இருந்த தண்ணீர் கேனில் ஒரு சீவல் எடுத்துக் கொளுத்தினார். அதே வாடை. கேனைப் பட்டை பட்டையாக நறுக்கினார்.

பம்பரின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. அதனால் மனைவி தேடிக்கொண்டு வர அதிக நேரம் ஆகவில்லை.

“ஏங்க, குளிக்கிற தண்ணி கேன் எங்க?”

“இதோ,” என்று பம்பர் படகைக் காட்டினார்.

அந்தக் கேன் ஒட்டியது. கல்லு மாதிரி ஒட்டியது. அதற்கு நாலு விரல் தள்ளித்தான் இன்று காலை இந்தப் புது விரிசல்.

பம்பர் விடவில்லை. விரிசல் மேலே ஓடாமல் இருக்க அதன் இரண்டு முனையிலும் மெல்லிய ஊசித் துளை போட்டார். உளியால் சுற்றிலும் சுரண்டினார். இந்த முறை மனைவியின் துணி துவைக்கிற பக்கெட் போயிற்று. சாயங்காலம் படகை நிமிர்த்தி மரக்கட்டைகள்மேல் வைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, அடியில் செய்தித்தாளை விரித்தார். ஒழுகினால் தாளில் தெரிந்துவிடும்.

வெகுநேரம் ஆயிற்று. தாள் மொரமொரப்பாகவே இருந்தது.

“சார்! பாருங்க சார்! ஒரு சொட்டு இல்ல!”

கார்டு சார் குனிந்து பார்த்தார். தாளை வெளியே எடுத்து விரலால் தடவியும் பார்த்தார். ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

“சரியாயிடுச்சா?”

“சுத்தமா!”

“அப்போ… நான் எடுத்துட்டுப் போகணுமா?”

“இன்னிக்கே எடுத்துட்டுப் போகலாம் சார்.”

“மழையா இருக்கே தம்பி.”

“போட்டு சார் இது. நனைஞ்சா ஒண்ணும் ஆகாது.”

கார்டு சார் தலையாட்டினார். பம்பர் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார். பெரியவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டு படகைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவை உள்ள உட்கார்ந்து பார்க்கட்டுமா?”

“உங்க போட்டு சார். தாராளமா உட்காருங்க.”

கார்டு சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து, இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தமாகவே உட்கார்ந்தார். அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

பம்பர் படுத்துக்கொண்டு பார்த்தார். ஒட்டிய இடம் கல்லு மாதிரி இருந்தது. நாலு விரல் தள்ளி…

“மன்னிச்சிடுங்க சார்,” என்றார். எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

“ஐயோ, பரவால்ல தம்பி, பரவால்ல! டீ சொல்லட்டுமா?”

அன்றைக்குக் கார்டு சார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். யாரோ ஒருவர் வழி கேட்க வந்து நின்றார். அவருக்கும் ஒரு டீ கிடைத்தது.

“பெரிய மனசுடி அந்த மனுஷனுக்கு,” என்று பம்பர் சாப்பிடும்போது சொன்னார். “நான் அவமானத்துல சாகுறேன். அவர் எனக்கு டீ வாங்கித் தர்றாரு.”

“பக்கெட்டு வாங்கித் தருவாரான்னு கேளுங்க,” என்றாள் மனைவி.

ஆனால் அவளுக்கும் அந்தப் பெரியவர்மேல் கோபம் இல்லை. காலையில் கடையைத் திறக்கும்போதே குடையோடு வந்து நிற்பார். ஈரச் செருப்பை வாசலிலேயே விடுவார். அவள் ஏதாவது கொண்டுவந்து கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் எழுந்து நின்று டம்ளரை வாங்கிய ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

“வீட்டுல யார் யார் சார் இருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“யாரும் இல்லம்மா. அவ போய் ஒரு வருஷம் ஆச்சு. பையன் ரொம்ப தூரத்துல இருக்கான். போன் பண்ணுவான். ‘சாப்பிட்டீங்களா’ம்பான். ‘சாப்பிட்டேன்’பேன். அதோட பேச்சு முடிஞ்சிடும்.” கார்டு சார் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “வீட்டுல கடிகாரம் ஓடுற சத்தம் ரொம்ப ஜாஸ்திம்மா.”

படகின் அடியிலிருந்து பம்பர் குரல் கொடுத்தார்: “பேட்டரியைக் கழட்டிடுங்க சார்!”

வெளியே நீட்டிக்கொண்டிருந்த கணவனின் காலை மனைவி தன் காலால் ஒரு இடி இடித்தாள். எதற்கு என்று பம்பருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இதற்கிடையில் கடை படுத்துவிட்டது. பாதி இடத்தைப் படகு அடைத்துக்கொண்டிருந்தது. மீதி இடத்துக்கு வந்தவர்களை அது விரட்டியது. ஒருவர் தன் காரின் உடைந்த பம்பரைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். படகைப் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“மழை ஆரம்பிச்சதிலேர்ந்து,” என்று கார்டு சார் ஸ்டூலிலிருந்து மரியாதையாகப் பதில் சொன்னார். “ரொம்பக் கவனமாப் பண்றார். எத்தனை தடவை விட்டுப்போனாலும் அசர்றதே இல்ல.”

வந்தவர் பம்பரை இறக்காமலே அதே தோளோடு திரும்பிப் போய்விட்டார்.

எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் தினமும் ஒரு முறை, “கப்பல் எப்போ கிளம்புது?” என்று கத்திக் கேட்டார். அதற்குச் சிரிக்க நாலு பேர் எப்போதும் இருந்தார்கள். ஒருநாள் போன் வந்தது. எடுத்தால், “கப்பல் ஒட்டுறவர்தானே?” என்றது ஒரு குரல். பம்பர் போனை வைத்தார். பெற்றோர் வைத்த பெயர் போனபோது அவருக்கு வலிக்கவில்லை. இந்தப் பெயர் அவர் சம்பாதித்தது. இப்போது இதுவும் போகப்போகிறது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. எந்த வேலையிலும் நிலைத்து நின்றதில்லை. அதனால் எல்லா வேலையைப் பற்றியும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. கார்டு சார் ஸ்டூலில் இருப்பதைப் பார்த்ததும் பம்பரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“மாமா, யாரு இந்த ஆளு?”

“போட்டுக்காரர்டா.”

“தினமும் வர்றாரா?”

“தினமும்.”

“வந்து என்ன பண்றாரு?”

“பார்ப்பாரு. எதனால விட்டுப்போச்சு, எப்படி விட்டுப்போச்சுன்னு கேப்பாரு.”

“ஒரு தடவைகூடத் திட்டலையா?”

“இல்லடா.”

மச்சினன் தலையில் கைவைத்தான். “போச்சு. திட்டுற கஸ்டமர் வீட்டுக்குப் போவான் மாமா. திட்டாத கஸ்டமர் கோர்ட்டுக்குப் போவான். ஒவ்வொரு நாளும் உன் வாயாலேயே எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிறார். ‘எதுவானாலும்’னு வேற போர்டுல எழுதி வெச்சிருக்க.”

“அதை எழுதச் சொன்னதே நீதாண்டா!”

“அதை இப்போ பேசி என்ன பிரயோஜனம்? ஆக வேண்டியதைப் பார்ப்போம்.”

ஆக வேண்டியது என்று மச்சினன் சொன்னது ஃபைபர். கண்ணாடி நார்த் துணியைப் படகின் அடி முழுக்க விரித்து, மேலே பிசின் மருந்தைப் பூசினால் இரும்பாக இறுகிவிடுமாம். பூசினார்கள். இறுகியது. தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கேட்டது. பம்பருக்கு நம்பிக்கை பிறந்தது. மறுநாள் ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்த ஒரு நுனியை வெட்டிவிடலாம் என்று பிடித்து இழுத்தார். மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. படகு தனியாக, படகின் வடிவத்தில் ஒரு ஓடு தனியாக.

கார்டு சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்போ ரெண்டு போட்டு ஆயிடுச்சா தம்பி?”

“ரெண்டும் ஒழுகும் சார்,” என்றார் பம்பர் பரிதாபமாக.

கார்டு சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு காலமாச்சு தம்பி,” என்றார். பம்பருக்கு அழுகை வந்தது.

“பார்த்தியா? சிரிக்கிறாரு,” என்று மச்சினன் காதோரம் சொன்னான். “கேஸ் ஜெயிச்ச மாதிரி சிரிக்கிறாரு.”

கடைசி ஆயுதம் தகடு. விரிசலுக்கு உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு, நடுவில் ரப்பர், சுற்றிலும் துளை போட்டு நட்டும் போல்ட்டும். இறுக்க இறுக்கத் தண்ணீர் எப்படி உள்ளே வரும் என்பது மச்சினனின் வாதம். பம்பர் இறுக்கினார். மச்சினன், “இன்னும் மாமா, இன்னும்,” என்றான். பம்பர் இன்னும் இறுக்கினார்.

மறுநாள் கடையைத் திறந்தபோது, பக்கவாட்டில் நிறுத்தியிருந்த படகில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு, அங்கிருந்து அதற்கடுத்த துளைக்கு, தபால்தலையைக் கிழிப்பதற்குப் புள்ளி வைத்த மாதிரி விரிசல் வரிசையாகச் சேர்ந்திருந்தது. பம்பர் குனிந்து தொட்டார். தகடு, ரப்பர், போல்ட், நடுவிலிருந்த படகு எல்லாம் ஒரே துண்டாகத் தொப்பென்று கீழே விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் எதிர்ப்பக்கத்து டீக்கடை தெரிந்தது. டீக்கடைக்காரர் அந்த ஓட்டை வழியாகக் கை காட்டினார்.

மச்சினன் அவசர வேலை என்று கிளம்பிப் போனவன்தான்.

பம்பர் ஒரு சாக்கை எடுத்து ஓட்டையின்மேல் போட்டு மூடினார். கார்டு சார் வருவதற்குள் என்ன சொல்வது என்று யோசித்தார். எதுவும் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்குக் கார்டு சார் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை.

ஸ்டூல் காலியாகக் கிடந்தது. ‘எதனால’ என்று கேட்க ஆளில்லை. பம்பர் நாலு தடவை வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்த்தார். மனைவி கை மறதியாக ஒரு டம்ளர் அதிகமாகக் கொண்டுவந்து, திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

“வக்கீல்கிட்ட போயிருப்பாரோ?” என்றார் பம்பர்.

“மழையில நனைஞ்சு காய்ச்சலா இருக்கும். தனியா இருக்கிற மனுஷன்,” என்றாள் அவள். “வீடு எங்கன்னாவது கேட்டு வெச்சீங்களா?”

கேட்டு வைக்கவில்லை. இத்தனை நாள் பேசியதெல்லாம் படகைப் பற்றித்தான்.

அதற்கடுத்த நாள் கார்டு சார் வந்தார். கழுத்தில் மப்ளர், கையில் குடை. இன்னும் ஒரு சுற்று இளைத்திருந்தார். ஸ்டூலில் உட்காரும்முன்பே கேட்டார்: “போட்டு எப்படி இருக்கு?”

“காயுது சார்,” என்றார் பம்பர் சாக்கைப் பார்த்தபடி. “தொடக் கூடாது.”

வாழ்க்கையில் அவர் வாடிக்கையாளரிடம் சொன்ன முதல் பொய். காது சூடாயிற்று.

“காயட்டும், காயட்டும். காய்ச்சல் வந்து படுத்துட்டேன் தம்பி. படுத்த இடத்துல இதே நினைப்புதான். நான் இல்லாத நேரம் பார்த்து முடிச்சிருப்பீங்களோன்னு.”

“அவ்வளவு சீக்கிரம் முடியாது சார்.”

“அதானே,” என்றார் கார்டு சார். நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

மனைவி பம்பரை உள்ளே கூப்பிட்டாள். “சொல்லிடுங்க. ஒட்ட முடியலைன்னு நேரா சொல்லிடுங்க.”

“எதுவானாலும்னு போர்டு வெச்சிருக்கேன்டி.”

“போர்டை அழிச்சிடுங்க.”

“அப்புறம் நான் யாரு?”

அவள் டம்ளரைக் கழுவப் போனாள். பம்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்குள் வந்து, கார்டு சாரின் முன்னால் நின்றார்.

“சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க தம்பி.”

“இந்தப் போட்டு…”

“உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு தம்பி,” என்றார் கார்டு சார். “எவ்வளவு நாளானாலும் சரி. வேற எங்கயும் கொண்டுபோக மாட்டேன்.”

பம்பர் மறுபடி சாக்கைப் பார்த்தார். இதற்குமேல் ஒரு மனிதனை எப்படிக் கொல்ல முடியும் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போதுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். ஒட்ட வேண்டாம். மாற்றிவிடலாம். இதே மாதிரி இன்னொரு படகை எங்கேயாவது வாங்கி, இதன் இடத்தில் வைத்து, பெரியவரிடம் கொடுத்து அனுப்பிவிடலாம். மனிதர் மீன் பிடிக்கட்டும். ஒன்றும் தெரியப்போவதில்லை. தன் பெயரும் மிஞ்சும்.

“கொஞ்சம் சாமான் வாங்கணும் சார். கடையைப் பார்த்துக்கறீங்களா?”

“நானா?” கார்டு சார் எழுந்தே நின்றுவிட்டார். “தாராளமா. போயிட்டு வாங்க.”

பம்பர் தகட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த உடைந்த துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.

ஊருக்கு வெளியே பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்கும் பெரிய கிடங்கு ஒன்று இருந்தது. கால் உடைந்த நாற்காலிகள் மலையாகக் குவிந்திருந்தன. அதற்குப் பின்னால் டிரம், தொட்டி, குழாய், பொம்மை. எல்லாவற்றின்மேலும் மழை ஒரே மாதிரி பெய்துகொண்டிருந்தது. கிடங்குக்காரர் பெரிய உடம்புக்காரர். கூரைக்கு அடியில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

பம்பர் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினார். “இதே கலர், இதே அச்சுல ஒரு சின்ன மீன்பிடிப் போட்டு வேணும்.”

கிடங்குக்காரர் துண்டை வாங்கி வளைத்தார். அது பிஸ்கட்டைவிடச் சுலபமாக ஒடிந்தது.

“இது எங்கிட்ட இருந்து போனதாச்சே!” என்றார். “இந்த மழைக்கு முன்னாடி ஒரு பெரியவர் வந்து வாங்கிட்டுப் போனார். உயரமா, ஒல்லியா. கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்தார்.”

பம்பருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை நாள் அவமானமெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தது. கேன், பக்கெட், கப்பல் என்ற பேச்சு, தூக்கம் கெட்டது, அத்தனைக்கும் காரணமானவன் டீயும் பிஸ்கட்டுமாக எதிரில் உட்கார்ந்திருந்தான்.

“நீதானா அது? ஏன்யா, உனக்கே நல்லா இருக்கா?” என்று கத்தினார். “வெயில்ல வெந்து, தொட்டா உதிர்ற பிளாஸ்டிக். அதைக் கொண்டுபோய் ஒரு வயசான மனுஷன் தலையில கட்டியிருக்கியே! பொண்டாட்டி போய் ஒத்தையா நிக்கிறவர்யா அவரு. ஆசையா மீன் பிடிக்கணும்னு வந்தவரை ஏமாத்த எப்படிய்யா மனசு வந்தது?”

கிடங்குக்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

“யோவ், வார்த்தையை அளந்து பேசு. நானா ஏமாத்தினேன்? நல்ல போட்டா மூணு எடுத்துக் காட்டினேன். தட்டித் தட்டிப் பார்த்துட்டு எதுவுமே வேண்டாம்னாரு. ‘எத்தனை தடவை ஒட்டினாலும் ஒட்டவே ஒட்டாத போட்டா ஒண்ணு குடுப்பா, அந்த பம்பர் கடையில தினமும் போய் உட்கார எனக்கு ஒரு சாக்கு வேணும்’னு அவரேதான்யா கேட்டு வாங்கிட்டுப் போனாரு!”